பன்னிரண்டாயிரம் கொடிகள்

வெங்கமேட்டில் தகரக் கூரை போட்ட கம்பெனி.
செக்கிங் டேபிள் எனக்கு.
கொசுவலையை டியூப்லைட் முன்னால் விரித்து
கண் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்,
ஒரு நாளைக்கு அறுநூறு.
பொழுதோட வீட்டுக்குப் போனால்
பஸ் ஜன்னல், வானம், மகள் முகம்
எல்லாம் கட்டம் கட்டமாய்த் தெரியும்.

அந்த ஆர்டர் ஒரு சின்ன நாட்டுடையது.
மேப்பில் காட்டச் சொன்னோம்.
மேனேஜர் நாச்சிமுத்து பேனா முனையை வைத்தார்,
நாடு மறைந்துவிட்டது.
நம்ம ஜில்லா ஜனத்தில் பாதிகூட இல்லையாம்.
ஆனால் நூறு ரூபாய் வந்தால்
ஒரு ரூபாய் வெளியாளுக்கு என்று
சட்டசபையில் எழுதி வைத்திருக்கிறார்களாம்.
"ஒண்ணா முக்காலான்னு வருசாவருசம் சண்டையாமா"
என்றாள் கட்டிங் சரஸக்கா.
"எங்கூட்ல பத்து ரூவாய்க்கே நடக்குது."

பார்வையிட ஒரு அம்மா வந்தார்.
கக்கூஸை எண்ணினார்.
எங்கள் பிறந்த தேதியைக் கேட்டார்.
லென்ஸ் வைத்து வலைக் கண்ணை எண்ணினார்:
சதுர அங்குலத்துக்கு நூற்று ஐம்பத்தாறு.
சாயத்தண்ணீர் எங்கே போகிறது என்றார்.
தொட்டியைக் காட்டினோம்,
தொட்டி அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது.
திரும்புகையில் பாலத்தில் காரை நிறுத்தி
அமராவதியைப் பார்த்தாராம்
வெகு நேரம்.
டிரைவர் சொன்னான்.
ஆர்டர் குறையவில்லை.

வலைக்கு ஒரு கொடி.
உள்ளங்கை அகலம், நாலு பக்கமும் தையல்,
கீழே பொடி எழுத்து:
இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல.
இது எங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான்.
போன ஆவணியில் தம்பி மகன் காதுகுத்துக்கு
மைக்கில் வாசித்தார்கள்:
"புலியூர் மாமன் வகையறா, ஐயாயிரத்து ஒண்ணு!"
பேர் சொல்லாமல் வைத்தால்
திருப்பி யாருக்குச் செய்வது?

பேல் கட்டியாச்சு.
தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப இரண்டு நாள்.
மெயில் வந்தது: கொடியைப் பிரித்துவிடுங்கள்.
போகிற ஊரில் சண்டைக்காரர் இரண்டு பக்கம்.
கொடி தெரிந்தால் லாரியை மறிப்பார்கள்,
வலைக்குள் படுத்தவனை எழுப்பி
நீ எந்தப் பக்கம் என்பார்கள்.
பிரிக்கிற கூலியும் தருகிறோம்.

எவ்வளவு தந்தார்கள் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.
எங்களுக்கு வந்தது
பீஸுக்கு அறுபது பைசா.

இரண்டு ராத்திரி.
நாற்பது பேர், நாற்பது பிளேடு.
"தைக்கறதுக்கு ஒரு கூலி, பிரிக்கறதுக்கு ஒரு கூலி,
நெம்ப நல்ல நாடுங்" என்றாள் சரஸக்கா.
சிரித்ததில் ஒருத்திக்கு விரல் வெட்டியது.

ஒடிசாவிலிருந்து வந்த ஜுனு
தலை நிமிராமல் பிரித்துக்கொண்டே சொன்னாள்,
அவளுக்கு வருகிற தமிழில்:
"புயல்ல எங்க வீடு போச்சு.
நீலத் தார்ப்பாய் குடுத்தாங்க, கொடி போட்டு.
யாரு கொடி, தெரியாது.
அண்ணன் நெனச்சான்,
தார்ப்பாய் விக்கற கம்பெனின்னு."
ஏழு மாசம் அதற்குக் கீழே இருந்தார்களாம்.
நீலம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடைசி வலையை விளக்கில் விரித்தேன்.
கொடி இருந்த இடத்தில்
நாலு பக்கமும் ஊசித் துளை,
கதவு வரைந்துவிட்டுத் திறக்க மறந்தது போல.
இது டேமேஜில் சேருமா?
நாச்சிமுத்து எழுதிக் கேட்டார்.
பதில் ஒரே சொல்: சேராது.
பாஸ் முத்திரை குத்தினேன்.

கொடிகளை எரித்து போட்டோ அனுப்பச் சொன்னார்கள்.
"நம்மளுது இல்லீன்னாலும் கொடியாச்சுங்களே"
என்று நாச்சிமுத்து தயங்கினார்.
ஒரு மூட்டை எரிந்தது, போட்டோ போனது.
மிச்சம் பதினொரு மூட்டை
ஜெனரேட்டர் ரூமில் கிடக்கிறது.
மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஐப்பசி மழையில் தகரம் ஒழுகும்.
ஜுனு ஸ்டூலில் ஏறி
மூட்டையிலிருந்து ஒரு பிடி உருவி
ஓட்டையில் திணிப்பாள்.
எந்த நாட்டுக் கொடி என்று
இன்றுவரை கேட்கவில்லை.